மணலில் உப்பு

சிதம்பரத்தில் ஜெய்னப் கட்டப்போகும் வீட்டு மனையின் முன்னால் மணல் வண்டி நிற்கிறது. சாயும் வெயிலில் மாடுகளின் கழுத்துமணி அசைந்து அசைந்து ஓய்கிறது. ஜெய்னப் ஒரு பிடி மணலை அள்ளி உள்ளங்கையில் தேய்க்கிறாள். சேறு ஒட்டவில்லை, நல்லதுதான். ஆனால் உப்பிருந்தால் அதைக் கை சொல்லாது, நாக்குதான் சொல்லும். அவளுக்கோ இன்று நோன்பு. “கொள்ளிடத்து மணலும்மா, கொட்டிட்டுப் போறேன்,” என்கிறான் வண்டிக்காரச் சின்னையன். “இரு, பாங்கு சொல்லட்டும். ஏன் மேஸ்திரி, நீங்கதான் வாயில போட்டுப் பாருங்களேன்.” கொத்தனார் பொன்னுரங்கம் சிரிக்கிறார். “பொகயில போட்ட நாக்கும்மா இது. உப்பு மூட்டையையே கொட்டினாலும் தெரியாது.”

உப்பு மணல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சுவர் வெள்ளையாய்ப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காய் உதிரும். கடலூர் முதுநகரில் அவள் பிறந்த வீட்டுச் சுவர் அப்படித்தான் உதிர்ந்தது. பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒரு பொருக்கைப் பெயர்த்து வாயில் அடக்கிக்கொள்வாள். உம்மா தலையில் குட்டுவாள். ஓர் ஐப்பசி மழையில் அந்தச் சுவரே படுத்துவிட்டது.

பாங்கு ஒலிக்கிறது. ஒரு வாய் தண்ணீரில் நோன்பு திறக்கிறாள். பேரீச்சம்பழத்தைத் தொடவில்லை, இனிப்பு நாக்கை ஏமாற்றிவிடும். மணலில் நாலைந்து மணிகளை எடுத்து நுனிநாக்கில் வைக்கிறாள். கண்கள் தாமாக மூடுகின்றன. அந்தச் சுவர், சிலேட்டுப் பை, உம்மாவின் குட்டு. தேவையே இல்லாமல் இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்கிறாள். பிறகு துப்பிவிட்டுச் சொல்கிறாள்: “மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வண்டியத் திருப்பு, சின்னையா.”