பக்கக் கதவு

“சாமி, இன்னைக்காவது அந்தச் சாவியை வாங்கிடுங்க. நேத்தும் கோயில் பக்கக் கதவு திறந்தே கெடந்துச்சு!”

மாதா சபைத் தலைவி ஜாக்லின் போட்ட சத்தத்தில் அந்தூன் சாமி காப்பியைக் கீழே வைத்தார். லெபனானின் அந்த மலைக்கிராமத்துப் பங்குக்கு அவர் குருவாக வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

“வயசானவங்க. மறந்திருப்பாங்க.”

“எண்பத்துநாலு வயசுல மறக்கத்தான் செய்யும். அதுக்காக? தங்கப் பாத்திரம் இருக்கிற இடம் சாமி. மத்தியானம் ஊரே ஜன்னலைச் சாத்திட்டுத் தூங்கற நேரம். எவன் வந்து போறான்னு யாருக்குத் தெரியும்?”

இருவரும் போனபோது, சாவி வைத்திருக்கும் கிழவி தானியோஸ் அம்மா கோயில் முற்றத்தில் பீடத் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். அலசிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மாதுளை மரத்தடியில் ஊற்றினாள். நற்கருணை பட்ட துணியாயிற்றே. அறுபத்திரண்டு வருஷமாக அவள் கைவேலை அது.

“கதவைப் பூட்ட மறந்துட்டீங்களாம்மா?” சாமி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“மறக்கலையே. திறந்துதான் வச்சேன்.”

“கேட்டீங்களா சாமி!”

“நாளைக்கும் திறந்து வைப்பேன்.”

“எதுக்கும்மா?”

“சொல்ல மாட்டேன். பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை நீங்க வெளிய சொல்வீங்களா?”

சாமி வாயைத் திறப்பதற்குள் ஜாக்லின் குறுக்கே புகுந்தாள்.

“உங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா இப்படி எதிர்த்துப் பேசுவீங்களா? அம்பது வருஷக் குடும்பம், ஒரு சத்தம் வெளிய வந்ததில்லைன்னு ஊரே மெச்சும். எங்க வீடும் அப்படித்தான் சாமி. மகன் மதியம் சாப்பிட வந்தாலே ரேடியோவுல ஜெபமாலை போட்டுடுவேன். இதோ, இப்பவும் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். தெருக்கோடி வரைக்கும் கேக்கும்!”

“கேக்குது, கேக்குது. நல்லாவே கேக்குது,” என்றாள் கிழவி.

சாமி கையை நீட்டினார். “சாவியைக் குடுத்துடுங்கம்மா. எதுக்கு வம்பு?”

கிழவி இடுப்புச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள். “கல்யாணமாகி வந்த வருஷம் வாங்கினது. என் அஞ்சு பிள்ளைங்க ஞானஸ்நானத்துக்கும் நான்தான் திறந்தேன். அவரை அடக்கம் பண்ணின அன்னைக்கும் நான்தான் திறந்தேன். வேணும்னா பிஷப்பையே வரச்சொல்லுங்க. தர மாட்டேன்.”

கோயிலுக்குள் பக்கக் கதவு கிரீச்சிட்டது.

“வந்துட்டான் திருடன்! வாங்க சாமி!” ஜாக்லின் முந்திக்கொண்டு ஓடினாள்.

கடைசிப் பெஞ்சில் ஓர் இளம்பெண், மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். உதடு கிழிந்து ரத்தம். பக்கத்தில், கிழவி துணியில் சுற்றி வைத்திருந்த ஸாத்தர் மூலிகை தூவிய ரொட்டி.

“அத்தை...” என்று குழந்தையை அணைத்தபடி எழுந்தாள் அவள். ஜாக்லினின் மருமகள் மிர்னா.

ஜாக்லின் வந்த வேகத்தில் அப்படியே நின்றுவிட்டாள். தெருவில் ஜெபமாலை மட்டும் கணீரென்று ஒலித்தது.

ஈரக் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தாள் தானியோஸ் அம்மா. “சாவி வேணுமா சாமி?”

சாமி நீட்டியிருந்த கையை எப்போதோ பின்னுக்கு இழுத்துவிட்டிருந்தார்.

“போய் முதல்ல அந்த ரேடியோவை நிறுத்து ஜாக்லின்,” என்றாள் கிழவி. “அம்பது வருஷம் எங்க வீட்டு ரேடியோவும் சத்தமாத்தான் பாடிச்சு.”