நைனாவின் கீரை வடை

ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய சாராள் அப்படியே நின்றுவிட்டாள். எதிர் டீக்கடையில் நைனா நின்றபடி கீரை வடை தின்றுகொண்டிருந்தார். ஒன்றை முடித்துவிட்டு, சாவகாசமாக இன்னொன்றையும் எடுத்தார்.

வேறு யாராவது தின்றிருந்தால் அவள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். ஆனால் கேளம்பாக்கத்தில், அந்த டீக்கடைக்கு மேலே இருக்கும் டியூஷன் சென்டரில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறவர்கள் எல்லோருமே இதயத்தில் உலோக வால்வு பொருத்திக்கொண்டவர்கள். வால்வில் ரத்தம் கட்டாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை போட வேண்டும். கீரையை அள்ளிச் சாப்பிட்டால் அந்த மாத்திரை வேலை செய்யாது. கல்யாணப் பந்தியில்கூட, கூட்டைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் இவர்கள் வாயில் வைப்பார்கள்.

போன வருஷம் இந்தக் கூட்டத்திலிருந்த சின்னையன் இப்படித்தான் உயிரோடு விளையாடினார். வாழ்க்கை வெறுத்துப்போய் மாத்திரையை விட்டுவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம் சிரித்து மழுப்பினார். ஒரு நாள் வால்வில் ரத்தம் கட்டி, செங்கல்பட்டுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

நைனாவின் நிஜப் பெயர் தனகோடி. அறுபது வயதில் ஊரப்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வருகிற மனிதர். வந்த முதல் நாளே மாத்திரையின் பெயர், போடும் வேளை, பல் பிடுங்கும் முன் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது வரை கடகடவென்று ஒப்பித்தார். அதற்கு மேல் அவரை யார் விசாரிக்கப் போகிறார்கள்? சீக்கிரமே எல்லோருக்கும் நைனா ஆகிவிட்டார்.

சாராளுக்கு அவர் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியபோது, நெஞ்சுக்குள் டிக் டிக் என்று வால்வு அடிக்கும் சத்தம் அவளைத் தூங்கவிடவில்லை. சுவர்க் கடிகாரத்தை இனிமேல் கழற்றிவிடலாம் என்று கணவன் ஜெபக்குமார் கிண்டல் செய்ததும் அழுகைதான் வந்தது. ஏன்தான் பிழைத்தோமோ என்று அவள் இந்தக் கூட்டத்தில் ஒரு நாள் உடைந்துபோனபோது, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தவர் நைனாதான்.

“அந்த சத்தத்தத் திட்டாத கண்ணு. நீ நல்லா கீறன்னு வூட்ல இருக்கறவங்களுக்கு அதான் சேதி.”

அன்று இரவு அவள் நன்றாகத் தூங்கினாள். அதிலிருந்து அவர் எப்போதும் அவள் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார். மாத்திரை போட்டாயா என்று சாயங்காலம் தவறாமல் போன் செய்வார். மாமல்லபுரம் கடற்கரையில் கூடலாம் என்று கூட்டத்திலிருக்கும் கலைவாணன் ஒரு முறை ஆசைப்பட்டபோது, அலை இரைச்சலில் ஒன்றும் கேட்காது என்று ஒரேயடியாக மறுத்தவரும் அவர்தான். வயசானவர், காது மந்தம் போலிருக்கிறது என்று மற்றவர்கள் விட்டுக்கொடுத்தார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் கீரை வடை தின்கிறார். சாராள் விறுவிறுவென்று மாடியேறி, கூட்டத்துக்கு வரும் நர்ஸ் பிரபாவிடம் சொன்னாள். விரலில் குத்தி, ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் மெஷினை நல்லவேளையாகப் பிரபா அன்று கொண்டுவந்திருந்தாள்.

எல்லோரும் விரலை நீட்டினார்கள். நைனாவின் முறை வந்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஊரிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றார். விரலில் காயம் என்றார். கடைசியில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேவிட்டார்.

சாராள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“மாத்திரைய வுட்டுட்ட, இல்ல நைனா? என்னப் பொழைக்க வச்சிட்டு நீ சாவப் போறியா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சின்னையனும் இப்படித்தான் நின்றார் என்று கலைவாணன் முணுமுணுத்தான். சாராளுக்கு அது காதில் விழுந்ததும் தாங்கவில்லை. இன்னொரு சாவை என்னால் பார்க்க முடியாது, இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, நானே கூட வருகிறேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார்.

“நீ வர்லன்னா, இன்னிலேர்ந்து நானும் மாத்திரைய நிறுத்திடுவேன்.”

நைனா ஆடிப்போய்விட்டார். அப்படிச் சொல்லாதே என்பதுபோல் கையை ஆட்டினார். பிறகு சட்டைப் பட்டனை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

அந்த அறையில் ஒவ்வொருவர் நெஞ்சிலும் நடுவில் நெடுக ஓடுகிற ஆபரேஷன் தழும்பு அவர் நெஞ்சில் இல்லை. நரைத்த முடிதான் இருந்தது.

யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. அப்புறம் எதற்காக இவ்வளவு தூரம் அலைகிறீர்கள் என்று பிரபாதான் கேட்டாள். கழற்றிய பட்டனைப் போடவும் தோன்றாமல், நைனா சாராளைப் பார்த்துச் சொன்னார்.

“வால்வு எம் பொண்ணுக்கு வச்சதும்மா. அவ போனதுலேர்ந்து வூட்ல அந்த சத்தமே இல்ல.”