இரண்டே இரண்டு மட்ச்

“ரெண்டு மட்ச்சோ? என்ர பிள்ளையின்ர மண்டைக்கு ரெண்டே ரெண்டு மட்ச்சோ?”

ஐஸ் ஹொக்கி லீக்கின் அலுவலகத்தோடு இங்கிலிசில் பேசத் தொடங்கிய சீமோன், கோபம் தலைக்கேறியதும் தமிழிலேயே கத்தினார். மறுமுனையில் இருந்த பெண் பாவம், போனை வைத்துவிட்டாள்.

கோபம் வராமல் என்ன செய்யும்? செவ்வாய்க்கிழமை மட்ச்சில், ‘பக்’ என்ற றப்பர் வட்டை அடித்து அனுப்பிவிட்டு நின்ற மகன் ஜூலியனின் தலையில் எதிரணிக்காரன் சறுக்கி வந்து தோளால் இடித்தான். ஹெல்மெற் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். வீடியோவைப் பார்த்த லீக்கின் வீரர் பாதுகாப்புப் பிரிவு, இடித்தவனை இரண்டு மட்ச் விளையாடாமல் தடுத்ததோடு கைகழுவிவிட்டது.

“சட்டத்திலை என்ன எழுதிக் கிடக்கெண்டு பார்!” சிவப்புப் பேனையால் கோடு கீறிய தாள்களை மேசையில் ஓங்கி அடித்தார். “தலையிலை இடிக்கிறது குற்றமாம். வெக்கங்கெட்டவங்கள்! பிள்ளையளின்ர மூளையை வித்துத் திண்டுகொண்டு, கதையைப் பார் கதையை. உவங்களைச் சும்மா விடமாட்டன்!”

மனைவி றெஜினா கண்ணைத் துடைத்தாள்.

“காலமை ஒரே கேள்வியை மூண்டு தரம் கேட்டவன். நேற்று டொக்டர் பத்துச் சொல்லுச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னதுக்கு, நாலுதான் சொன்னவனாம். சோதினையிலை பெயிலாம். நாளைக்குத் திரும்பவும் சோதிப்பினமாம். அதிலை பாஸ் பண்ணினால்தான் விளையாட விடுவினமாம்.”

“பெயில் எண்டு சொல்லாதை!” சீமோன் பாய்ந்தார். “சின்ன வகுப்பிலை இருந்து அவனை இருத்திப் படிப்பிச்சது நான். ஒரு சோதினையிலையும் அவன் ரெண்டாம் பிள்ளையாய் வந்ததில்லை.”

“இப்ப அதுவோ முக்கியம்? சனிக்கிழமை மட்ச்சுக்குப் பெரிய லீக்காரர் அவனை எடுக்கலாமோ எண்டு பாக்க வந்தால் வந்திட்டுப் போகட்டும். எனக்கு என்ர பிள்ளை வேணும்.”

சீமோன் கொம்பியூட்டரின் முன்னால் இருந்து லீக்குக்கு மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் அடித்தார். ‘உங்களுக்கு விளையாட்டுத்தான் முக்கியம், ஒரு பிள்ளையின் மூளை முக்கியமில்லை’ என்று கடைசி வரியைக் கொட்டை எழுத்தில் போட்டு, அதைப் பிழையில்லாமல் றெஜினாவுக்கும் வாசித்துக் காட்டினார். உடனே அனுப்பியும் விட்டார்.

“நீங்கள் இல்லாட்டி அவனுக்காக ஆர் கதைக்கிறது?” என்றாள் றெஜினா. மகனுக்கு சூப் வைக்கக் குசினிக்குள் போனாள்.

சீமோன் பேஸ்மென்ற் அறைக்கு இறங்கினார். ஜன்னலைப் போர்வையால் மூடிவிட்டு ஜூலியன் இருட்டுக்குள் படுத்திருந்தான். பக்கத்தில் இருந்து அவனுடைய நெற்றியை மெல்லத் தடவினார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தி லைற்றைப் போட்டார்.

“அப்பா, லைற் வேண்டாம்... தலை வெடிக்குது.”

“எழும்படா ராசா, டொக்டர்மார் கேக்கிற சொல்லு முழுக்க இன்ரநெற்றிலை எடுத்திட்டன், விடியிறதுக்கிடையிலை பாடமாக்கிப்போடு!”