பக்கத்துக் கொல்லைப் பூ

“என் கொல்லையில விஷத்தக் கலந்துட்டு, உன் பூ மட்டும் சிரிக்குமா?” என்றபடி மதலைமுத்து அரிவாளை வீசினான். பூவும் மொட்டுமாக நின்ற கனகாம்பரச் செடிகள் வீச்சுக்கு நாலாகச் சாய்ந்தன.

அது அவன் மனைவி மரியபுஷ்பத்தின் தம்பி டேவிட்சனின் கொல்லை. மஸ்கட்டில் கொத்தனார் வேலை பார்த்துச் சேர்த்த காசில், கீழ்வேளூருக்குக் கிழக்கே அக்காள் வீட்டு நிலத்தை ஒட்டியே வாங்கியிருந்தான். நடுவில் ஒரு வரப்புதான்.

ஆற்றில் தண்ணீர் வராமல் நெல் கருகிய வருஷம், பூ ஆராய்ச்சிக்காரர் கல்யாணராமன் ஜீப்பில் வந்து இறங்கினார். “பூ சாகுபடியப் பெருக்கச் சர்க்கார் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியிருக்கு. மண்ணுல இருக்கற நூற்புழு வேரத் தின்னு செடியக் கொல்லுது. அதுக்கு ஒரு பொடி கண்டுபிடிச்சிருக்கோம். பரிசோதிக்க உங்க ரெண்டு கொல்லையும் வேணும்” என்றார். நாற்றை இலவசமாகக் கொடுத்தார். வேரில் தூவ ஆளுக்கொரு மூட்டைப் பொடியும் இறக்கிவிட்டுப் போனார்.

டேவிட்சன் கொல்லை செக்கச்செவேலென்று பூத்தது. மதலைமுத்துவின் செடிகளோ மஞ்சளடித்து ஒவ்வொன்றாகச் செத்தன. மண்ணில் வித்தியாசம் இல்லை, தண்ணீரும் ஒரே போர்த் தண்ணீர்தான் என்று கல்யாணராமனே சொன்னார். சம்பா போடாமல் விட்ட நிலம் சுடுகாடாகக் கிடக்க, மரியபுஷ்பம் தம்பி கொல்லையில் கூலிக்குப் பூப்பறிக்கப் போனாள். அன்றோடு மதலைமுத்து அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டான்.

டேவிட்சன் பொடி தூவுகிற நாளில் நாற்றம் குடலைப் பிடுங்கும். ஒருநாள் மதலைமுத்து வரப்பில் நின்று கேட்டேவிட்டான்.

“என்னடா தூவுற?”

“சார் குடுத்த பொடிதான் அத்தான்.”

“எனக்கும் அதே சார்தான குடுத்தாரு? என் பொடி நாறலியே?”

டேவிட்சன் குனிந்து அடுத்த செடியின் வேரில் பொடியைத் தூவினான். வெளிநாட்டிலிருந்து எதையோ கொண்டுவந்து, தன் கொல்லைக்குப் பாயும் வாய்க்கால் தண்ணீரில் கலக்கிறான் என்று மதலைமுத்து அன்றே முடிவு கட்டிவிட்டான்.

இன்று காலை மறுபடி அதே நாற்றம். அரிவாள் கைக்கு எப்போது வந்தது என்று அவனுக்கே தெரியாது.

“நிறுத்துங்க அத்தான்” என்று டேவிட்சன் ஓடிவந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தான். மதலைமுத்து முழங்காலால் அவன் வயிற்றில் எற்றினான். விழுந்து எழுந்த டேவிட்சன் கிடைத்த மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, காம்பால் அவன் தாடையில் ஓங்கி அடித்தான்.

பல் ஒன்று கழன்று நாக்கில் கிடந்தது. மதலைமுத்து அதைத் துப்பினான். ரத்தத்தின் உப்பு ருசி தொண்டையில் இறங்கியதும் அவனுக்கு வெறி இன்னும் ஏறியது.

மரியபுஷ்பம் பூக்கூடையைப் போட்டுவிட்டு இருவருக்கும் நடுவே பாய்ந்தாள். அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து வரப்பில் எறிந்துவிட்டு, மதலைமுத்து அரிவாளை ஓங்கினான். தலைக்கு வந்த வெட்டை டேவிட்சன் கையால் தடுத்தான். இரண்டு விரல்கள் தெறித்துச் செடிகளுக்கு நடுவே போய் விழுந்தன.

அப்போதும் மதலைமுத்து விடவில்லை. அடுத்த வெட்டு தோளில் இறங்கி எலும்பில் மாட்டிக்கொண்டது. அதை அவன் உருவுவதற்குள் பூப்பறிக்க வந்த ஆட்கள் அவனை மல்லாக்கத் தள்ளி, மிதித்து, பம்புசெட் கொட்டகைத் தூணோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார்கள்.

“நான் ஒண்ணும் கலக்கல அக்கா” என்று முனகிக்கொண்டே டேவிட்சன் மயங்கினான். அவனை ஆட்டோவில் தூக்கிப் போட்டு நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மரியபுஷ்பம் தம்பியின் ரத்தம் ஊறிய சேலையோடு தூணுக்கு முன்னால் வந்து நின்றாள். மாறி மாறிப் புருஷன் கன்னத்தில் அறைந்தாள். கை ஓய்ந்த பிறகுதான் பேசினாள்.

“அவன் பொழைக்கலேன்னா, நீ என் கையாலதான் சாவ.”

மதலைமுத்து உடைந்த வாயால் சிரித்தான். “எம்பொழப்பக் கொன்னவன் அவன். நான் பண்ணதுல தப்பில்ல.”

வழக்கம்போலச் செடிகளைப் பார்க்க வந்த கல்யாணராமனின் ஜீப் அந்த நேரத்தில்தான் ரோட்டில் வந்து நின்றது. அவர் வெட்டுப்பட்ட செடிகளைத் தாண்டி, ரத்தத்தைத் தாண்டி, கொட்டகைக்கு வந்தார். நடந்ததை ஆட்கள் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறியது.

“நல்ல வேளை வந்தீங்க சார்” என்றான் மதலைமுத்து. “அந்த நாத்தம் புடிச்ச பொடி விஷந்தானேன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க.”

“விஷம் இல்லீங்க. அதுதான் மருந்து. நான் குடுத்ததுதான்.”

“அப்ப எஞ்செடி ஏன் செத்துச்சு?”

கல்யாணராமன் மரியபுஷ்பத்தைப் பார்த்தார். அவனைப் பார்க்க அவரால் முடியவில்லை.

“மருந்து வேலை செய்யுதான்னு தெரியணும்னா, மருந்தே போடாத கொல்லை ஒண்ணு பக்கத்துல இருக்கணும். முன்னாடியே சொன்னா சரியாப் பாத்துக்க மாட்டீங்கன்னு சொல்லல.”

“எனக்குந்தான் ஒரு மூட்டை குடுத்தீங்களே?”

“அது வெறும் சாம்பலுங்க.”