ஆக்டிங் டிரைவர்

அன்றைக்கு மட்டும் வண்டி ஓட்ட வந்த கருப்பையன் காரில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போடப் பார்த்தார். அது துளையில் நுழையாமல் இப்படியும் அப்படியும் வழுக்கியது.

"யோவ், குடிச்சிருக்கியா?" என்றார் காரின் சொந்தக்காரர் திருஞானசம்பந்தம்.

"கொஞ்சம்தான் சார். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க திருவாரூர்லேருந்து வந்திருக்காங்க. காரைக்கால் கல்யாணம்னா மண்டப வாசல்ல நிக்கிற டிரைவர் வரைக்கும் ஊத்தாம விடமாட்டாங்க."

"இறங்குய்யா கீழ!"

"முப்பது வருஷமா ஓட்டுறேன் சார். ஒரு கீறல் விழுந்ததில்ல. கொஞ்சம் போட்டாத்தான் கை நிதானமா நிக்கும்."

"பின்னால கைக்குழந்தையோட என் பொண்ணு உக்காந்திருக்கா. அனுபவம் இருக்குன்னு குடிச்சிட்டு ஓட்டுறவனைத்தான் முதல்ல உள்ள தூக்கிப் போடணும்!"

கருப்பையன் முணுமுணுத்தபடி இறங்கினார். மதிய வெயிலில் குழந்தை வீறிட்டு அழுதது. குரும்பகரம் போய்ச் சேர வேறு டிரைவர் கிடைப்பதாக இல்லை. மனைவி தாமரைச்செல்வி சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அதைக் கொடு. நானே ஓட்டுறேன்," என்றார் திருஞானசம்பந்தம்.

அவள் முந்தானை முடிச்சை இன்னும் இறுக்கினாள்.

"மாடியில மாப்பிள்ளை வீட்டாரோட உக்காந்து நீங்க குடிச்சதாலதானே அந்த மனுஷனையே கூப்பிட்டோம்?"

"ரெண்டே ரவுண்டுடி! நான் என்ன நேத்தா வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன்? முப்பது வருஷமா ஒரு கீறல் விழுந்திருக்கா?"

"அதையேதான் சார் நானும் சொன்னேன்," என்றார் சற்றுத் தள்ளி நின்ற கருப்பையன்.

காரின் பின்கதவு திறந்தது. மகள் குழந்தையோடு இறங்கி, பஸ் ஸ்டாண்டை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.