ஒன்றரைச் சுற்று

மந்திரத் தீவில் அசுரர்களோடு சிலம்பமாடும் ஒரு பெண்ணின் கதையை அனிமேஷன் தொடராக வரைந்துகொண்டிருந்தாள் எமிமாள். கதாநாயகி கம்போடு எகிறி, அந்தரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, அசுரனின் உச்சியில் அடிக்க வேண்டும். சண்டைகளைச் சரிபார்க்க வந்திருந்த சிலம்ப வீராங்கனை பூரணவல்லி திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஒரு சுத்துதான் வரும். ரெண்டுக்கெல்லாம் ஒடம்பு கேக்காது.”

“இவ மந்திரக்காரி, பூரணா.”

பூரணவல்லி தன் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மறுநாள் காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்தாள். அவள் ஆடவிருந்த மாநிலப் போட்டிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. எமிமாள் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள்.

“ஏன்டி இப்படிப் பண்ணுன?”

“முடியுமான்னு பாக்கணும்போல இருந்துச்சு. ஒன்றரைச் சுத்து வந்துட்டேன்.” அவள் கண்கள் மின்னின. “அந்த எடத்துல கம்பு கனக்கவே இல்ல, எமி. கையில இருக்கான்னே தெரியல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, விழுந்துட்டேன்.”

எமிமாள் திரையில் கதாநாயகியை ஒன்றரைச் சுற்றில் நிறுத்தினாள். கம்பை அழித்தாள். வெறுங்கையோடு அந்தரத்தில் நிற்பவளின் முகத்தில் என்ன வரைவதென்று தெரியாமல் பூரணவல்லியைத் திரும்பிப் பார்த்தாள். அவளோ கட்டுப்போட்ட காலைத் தரையில் மெல்ல ஊன்றி, எவ்வளவு தாங்குகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தாள்.