கணீரென்று கேட்டது

குளம் வற்றிக்கொண்டே வந்தது. மலைக்கு அந்தப்பக்கம் தண்ணீர் உண்டா என்று விசாரிக்க ஒரு தவளை கிளம்பியது. அங்கே இருக்கும் தவளையிடம் கேட்க, சொன்னதை அப்படியே திருப்பிக் கத்தும் மைனாவைப் பிடித்தால் போதும். புதர் மைனாவின் குரல் வேலியைத் தாண்டவில்லை. பனைமரத்து மைனா வாய்க்காலோடு சரி. மூன்று நாள் அலைந்து, இரண்டு பக்கமும் எட்டும் உச்சிப்பாறை மைனாவைக் கண்டுபிடித்தது.

"ஹலோ, கேக்குதா?" என்றது தவளை. மைனா கத்தியது.

அந்தப்பக்கத் தவளையின் பதிலையும் மைனாவே கத்தியது: "நல்லா கேக்குது! உனக்கு?"

"கணீர்னு கேக்குது! இப்ப?"

"இப்பவும் கேக்குது! தள்ளி நின்னு பேசறேன், இப்ப?"

சாயங்காலத்துக்குள் மைனாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

தவளை துள்ளிக்கொண்டு வீடு திரும்பியது. "என்ன தெளிவு தெரியுமா!"

"அங்க தண்ணி இருக்காமா?" என்றது மனைவி.

"அதெல்லாம் பேச நேரம் எங்க இருந்துச்சு?"